கடவுளின் நீதி: லத்தீனில் இரண்டு சொற்கள்

எனக்கு லத்தீன் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் தண்டவாளத்தோடும் ஸ்லீப்பரோடும் ஜல்லியோடும் காலம் தள்ளியவன் நான். வாழ்நாளில் அதிகம் எழுதியது இன்ஸ்பெக்ஷன் நோட்டுகள்தான். அப்படிப்பட்டவன் லத்தீனைப் பற்றி நம் சங்க மலரில் எழுத வந்ததற்குக் காரணம் ஒரு கல்லறைக் கல்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். பாளையங்கோட்டைக்காரர். மெயில் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் நர்ஸாக வேலை பார்த்தாள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், வார்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நோய் தொற்றி இறந்துபோனாள். முப்பத்தோரு வயது. நம் ரயில்வே காலனிக்குப் பின்னால் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரு மரச் சிலுவை நட்டதோடு சரி. கல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் மாலை கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, கல்லு வைக்கலாம்னு இருக்கேன். பேரும் வருஷமும் போதும். அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி. 'கடவுள் நீதியுள்ளவர்'னு லத்தீன்ல போடணும்."

லத்தீன் எதற்கு என்று கேட்டேன். அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கற்கள் நிறைய உண்டு. டிரைவர், போர்மன், ஸ்டேஷன் மாஸ்டர் என்று பலர் அங்கே கிடக்கிறார்கள். சில கற்களில் லத்தீன் எழுத்து இருக்கும். "சின்னப் பிள்ளையில அந்த எழுத்தையெல்லாம் விரலால தடவிப் படிப்பா. என்னப்பா அர்த்தம்னு கேப்பா. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. "எது நீதி?" அவ்வளவுதான் கேட்டார்கள்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குத்தான் தம்பி, சொல்லைச் சரியாப் பார்த்துப் போடணும்" என்றார்.

அரை மணி நேர வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். பேரன் கைபேசியில் தட்டினான். மூன்று தடவை தட்டியதில் மூன்று விதமாக வந்தது. கல்லில் வெட்டுகிற எழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. செமினரியில் அந்தக் காலத்தில் லத்தீன் படித்த ஒரு முதிய பாதிரியார் இந்த ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடம் போனேன். அரை மணி நேர வேலை நான்கு மாதம் இழுத்தது. அந்த நான்கு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இலக்கணம். நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் படித்தவர்கள் லத்தீனைக் கண்டு மிரளுவது அதன் வேற்றுமைகளுக்காக. நமக்கு அது பழகின சமாசாரம். கடவுள், கடவுளை, கடவுளுக்கு, கடவுளின் என்று நாம் சொல்வதை அவர்கள் டேயுஸ், டேயும், டேயோ, டேயி என்கிறார்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற 'தி', 'எ' போன்றவை லத்தீனில் கிடையாது, நமக்கும் கிடையாது. 'அவர் நல்லவர்' என்று வினைச்சொல் இல்லாமலே நாம் வாக்கியத்தை முடிப்பதுபோல அவர்களும் முடிக்கலாம். ஆகவே 'டேயுஸ் யூஸ்டுஸ்' என்ற இரண்டு சொல்லே முழு வாக்கியம்: கடவுள் நீதியுள்ளவர்.

டேயுஸ் என்ற சொல் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. வடமொழியின் 'தேவ' என்பதும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஆனால் கிரேக்கர்கள் கடவுளுக்குச் சொல்லும் 'தெயோஸ்' கேட்பதற்கு இவர்களின் உறவு போலத் தோன்றினாலும் வேறு வேரிலிருந்து வந்தது என்கிறார்கள். பெயர் ஒத்துப்போவதால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. கடவுள் விஷயத்தில் சிக்கல் இவ்வளவுதான். நீதிக்கு வரும்போதுதான் உண்மையான சிக்கல்.

நீதிக்கு லத்தீனில் 'யூஸ்டிட்டியா'. 'யூஸ்' என்றால் சட்டம், உரிமை. அதிலிருந்து யூஸ்டுஸ், அதிலிருந்து யூஸ்டிட்டியா. ஆங்கிலத்தின் 'ஜஸ்டிஸ்' இதன் பேத்தி. ரோமாபுரியின் சட்ட அறிஞர் உல்பியன் இதற்குத் தந்த விளக்கம் 533-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுத்த சட்ட நூலின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுக்கும் மாறாத மன உறுதி என்பது அதன் சாரம். நல்ல விளக்கம்தான். ஆனால் கோர்ட்டு வாசனை அடிக்கிறது. நல்லது செய்தவனுக்கு நல்லது, கெட்டது செய்தவனுக்குத் தண்டனை. சொல்லைக் கேட்டவுடனே தராசு கண்முன் வருகிறது.

ஆனால் பைபிளின் பழைய ஏற்பாடு லத்தீனில் பிறந்ததல்ல. எபிரெய மொழியில் பிறந்தது. அங்கே இதற்குச் சொல் 'செதாகா'. கூடவே இன்னொரு சொல் ஜோடியாக வரும்: 'மிஷ்பாத்'. தமிழ் பைபிளில் முதலாவது பெரும்பாலும் 'நீதி', இரண்டாவது 'நியாயம்'. மிஷ்பாத் என்பது தீர்ப்பு, விசாரணை, வழக்கு சம்பந்தப்பட்டது. செதாகா என்றால் என்ன? எபிரெயத்தில் அதே வேரிலிருந்து சரியான தராசு, சரியான எடைக்கல் என்றும் சொல்கிறார்கள். ஆக, கோணல் இல்லாதது, சரியாக இருப்பது என்ற பொருள் உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டவனைக் கடவுள் காப்பாற்றினால் அதுவும் செதாகா. ஏழைக்குச் சேர வேண்டியது ஏழைக்குச் சேர்ந்தால் அதுவும் செதாகா.

பாதிரியார் இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் கிடைத்தது. ரயில் விபத்து நடந்தால் என்ன செய்கிறோம்? இரண்டு காரியம் நடக்கும். ஒன்று விசாரணை: யார் தவறு, சிக்னலா, டிரைவரா, தண்டவாளமா, யாருக்கு என்ன தண்டனை. இன்னொன்று, அதற்கும் முன்னால் சைரன் ஊதிக்கொண்டு புறப்படுகிற ரிலீப் டிரெயின். கிரேன், டாக்டர், கட்டு கட்டும் சாமான், டீ, பிஸ்கட் எல்லாம் அதில் போகும். ரோமானியரின் யூஸ்டிட்டியா என்ற சொல்லைக் கேட்டால் விசாரணைக் கமிட்டி ஞாபகம் வருகிறது. எபிரெயரின் செதாகாவில் ரிலீப் டிரெயினும் அடக்கம். கவிழ்ந்ததை நிமிர்த்தி, கிடக்கிறவனைத் தூக்கி, பாதையைச் சரிசெய்து மறுபடி வண்டி ஓடும்படி செய்வதும் அவர்களுக்கு 'நீதி'தான்.

இன்னொரு இடம். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம், இருபத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் ஒரு கட்டட மேஸ்திரி மாதிரி பேசுகிறார். மிஷ்பாத்தை அளவுநூலாகவும் செதாகாவைத் தூக்குக்குண்டாகவும் வைக்கப் போவதாகச் சொல்கிறார். நமக்கு எவ்வளவு பழக்கமான சாமான்! ஆனால் லத்தீன் மொழிபெயர்ப்பில் அது எடையும் அளவுமாக மாறிவிட்டது. தூக்குக்குண்டு போய்விட்டது. கொத்தனாரின் சாரத்திலிருந்து இறங்கிச் சந்தைக் கடைக்கு வந்துவிட்டோம். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். தராசு எடை குறைந்தது என்று சொல்லும். அவ்வளவோடு அதன் வேலை முடிந்தது. தூக்குக்குண்டு பிடிப்பது சுவரைத் திட்டுவதற்காக அல்ல, நிமிர்த்துவதற்காக. இது பண்டிதர் கருத்து அல்ல. ஒரு பழைய பெர்மனென்ட் வே ஆசாமியின் கருத்து.

இந்த லத்தீன் மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஜெரோம். கத்தோலிக்க நண்பர்கள் எரோணிமுஸ் என்பார்கள். 382-ல் போப் தமாசுஸ், அப்போது தாறுமாறாக வழங்கி வந்த பழைய லத்தீன் சுவிசேஷங்களைச் சீர்செய்யும் வேலையை அவரிடம் கொடுத்தார். 386-ல் அவர் பெத்லகேமில் போய்த் தங்கி, யூத அறிஞர்களிடம் பாடம் கேட்டு, பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். ஏறக்குறைய 405 வரை அந்த வேலை நீடித்தது. சாதாரண உழைப்பு அல்ல. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். யோனாவின் கதையில் தலைக்கு நிழல் கொடுத்த செடி எது என்பதில் பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி என்று இருந்தது. ஜெரோம் அதை ஐவிக் கொடி என்று மாற்றினார். இன்றைக்கு திரிப்போலி என்கிற ஊரில், அன்று அதன் பெயர் ஓயா, ஒரு பிஷப் புதிய மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிக்க, ஜனங்கள் கலாட்டா செய்துவிட்டார்கள் என்று 403-ல் அகஸ்டின் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கொடியின் பெயருக்கே இந்தப் பாடு.

ஆனால் யூஸ்டிட்டியா என்ற சொல்லை மட்டும் ஜெரோம் மேல் போட முடியாது. அவருக்கு ஏறக்குறைய அறுநூறு வருடம் முன்னாலேயே, அலெக்சாந்திரியாவில் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த யூதர்கள் செதாகாவுக்குப் பெரும்பாலும் 'டிகையோஸினே' என்ற நீதிமன்ற வாசனைச் சொல்லையே போட்டார்கள். ஆனால் சில இடங்களில் அவர்களுக்கே மனம் ஒப்பாமல் 'எலெயேமோஸினே' என்று, அதாவது இரக்கம், தர்மம் கொடுப்பது என்று போட்டார்கள். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்தவர்கள் டிகையோஸினேக்கு நேர் யூஸ்டிட்டியா என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்? ஜெரோமும் தானியேல் புத்தகத்தில், ராஜா தன் பாவம் தீரச் செய்ய வேண்டியது என்ன என்று வரும் இடத்தில், இதே வேர்ச்சொல்லுக்கு 'தர்மம் செய்தல்' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார். ஒரே சொல் ஒரு பக்கத்தில் நீதி, இன்னொரு பக்கத்தில் அன்னதானம்!

இதில் நமக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. இன்றைக்கும் யூதர்கள் ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மத்துக்குப் பெயர் செதாகாதான். இங்கே வடக்கே வாழ்கிற நாம் தர்கா வாசலில் 'சத்கா' என்ற சொல்லைக் கேட்டுத்தானே இருக்கிறோம்? அது அரபியிலிருந்து வந்த சொல். இரண்டும் ஒரே குடும்பம். தமிழில்கூட 'தர்மம்' என்றால் அறநெறியும் ஆகும், பிச்சைக்காரர் தட்டில் போடுகிற காசும் ஆகும். 'அம்மா தர்மம்' என்று வாசலில் கேட்கிறவர் நம்மிடம் தத்துவம் விசாரிக்க வரவில்லை.

இனி, மிகப் பெரிய வழக்கு. கடவுளின் நீதி என்பதற்கு லத்தீன் 'யூஸ்டிட்டியா டேயி'. புதிய ஏற்பாட்டில் பவுல் ரோமாபுரியாருக்குக் கிரேக்கத்தில் எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இந்தத் தொடர் வருகிறது: நற்செய்தியில் கடவுளின் நீதி வெளிப்படுகிறது என்று. ஜெர்மனியில் விட்டன்பெர்க் ஊரில் துறவியாகவும் பேராசிரியராகவும் இருந்த மார்ட்டின் லூதருக்கு இந்த இரண்டு சொல்லும் தொண்டையில் முள்ளாக நின்றன. அவர் 1513 முதல் சங்கீதங்களைப் பற்றியும், 1515-16-ல் ரோமர் நிருபத்தைப் பற்றியும் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிற்காலத்தில், 1545-ல், தம் லத்தீன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அந்த நாட்களை நினைவுகூர்கிறார். இந்தத் தொடரைத் தாம் வெறுத்ததாகவே ஒப்புக்கொள்கிறார். காரணம், கல்விக்கூடத்தில் அவருக்குக் கற்பித்தபடி கடவுளின் நீதி என்றால் கடவுள் நீதியாக இருந்து பாவியைத் தண்டிப்பது. சட்டம் ஏற்கெனவே தண்டிக்கிறது. நற்செய்தியும் வந்து தண்டனையைத்தான் சொல்கிறது என்றால் அதில் 'நல்ல' செய்தி எங்கே? சங்கீதத்தில் வேறு ஒருவன் 'உம்முடைய நீதியினாலே என்னைக் காப்பாற்றும்' என்ற கருத்தில் வேண்டுகிறான். தண்டிக்கிற நீதியைக் காட்டி யாராவது காப்பாற்றச் சொல்வார்களா? எபிரெயத்தில் அங்கே இருப்பது செதாகா. அந்த ரிலீப் டிரெயினைத்தான் அவன் கூப்பிடுகிறான். லத்தீனில் படிக்கிறவனுக்கு விசாரணைக் கமிட்டி வருவதாகத் தெரிகிறது.

இரவும் பகலும் யோசித்து லூதர் கண்டுபிடித்தது, வியப்பாக இருக்கும், ஒரு வேற்றுமை உருபின் பொருளை. இதை விளக்க நம் தமிழ் இலக்கணத்தைவிட நல்ல கருவி கிடையாது. பள்ளியில் ஆறாம் வேற்றுமை படித்தது நினைவிருக்கிறதா? கிழமைப் பொருள். அதில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு. 'கார்டின் கை' தற்கிழமை. கை அவரைவிட்டுப் பிரியாது. 'கார்டின் கொடி' பிறிதின்கிழமை. கொடியை அவர் இன்னொருவர் கையில் கொடுக்கலாம். உருபு ஒன்றுதான், உறவு வேறு. குணங்களை நம் இலக்கணக்காரர்கள் தற்கிழமையில் சேர்ப்பார்கள். லூதரின் ஆசிரியர்களும் அப்படித்தான் கடவுளின் நீதியைக் கடவுளைவிட்டுப் பிரியாத குணமாக எடுத்துக்கொண்டார்கள். லூதர் கண்டது: இது கை அல்ல, கொடி. கடவுள் தம்மிடம் வைத்துக்கொள்கிற நீதி அல்ல, மனிதனுக்குக் கொடுக்கிற நீதி. அவன் அதை நம்பிக்கையால் பெற்றுக்கொள்கிறான். இது புரிந்ததும் தமக்குச் சொர்க்கத்தின் கதவே திறந்ததுபோல் இருந்தது என்கிறார். அப்புறம் பழைய புத்தகங்களைப் புரட்டினால், 412-ல் அகஸ்டின் எழுதிய ஒரு நூலில் இதே விளக்கம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருக்கிறது.

1522-ல் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டபோது அந்த ஆறாம் வேற்றுமையையே எடுத்துவிட்டார். 'கடவுளின் நீதி' என்று போடாமல் 'கடவுள் முன்னால் செல்லுபடியாகிற நீதி' என்று பொருள்பட எழுதினார். யாரும் இனி தம்மைப்போல் தவிக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் என் எண்ணம், மூலத்தில் திறந்து கிடந்த கதவை அவர் ஒரு பக்கமாகச் சாத்திவிட்டார். மொழிபெயர்ப்பாளர் செய்யலாமா என்பது வேறு விவாதம்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. லூதருக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இது பற்றித் தீர்மானம் போட்டது. அதிலும், இங்கே கடவுளின் நீதி என்பது அவர் நீதியாயிருக்கிற நீதி அல்ல, நம்மை நீதியுள்ளவர்களாக்கும் நீதி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்! அப்படியானால் சண்டை எதற்கு? வினைச்சொல்லுக்காக. லத்தீனில் 'யூஸ்டிஃபிகாரே'. யூஸ்டுஸ் என்பதோடு 'செய்', 'ஆக்கு' என்ற வினை சேர்ந்தது. நீதிமானாக ஆக்குவது. ஆனால் பவுல் எழுதிய கிரேக்க வினை, நீதிமான் என்று தீர்த்துச் சொல்வது, அப்படி ஏற்றுக்கொள்வது என்ற பக்கம் சாய்ந்தது. ஆபீஸ் பாஷையில் சொன்னால், என்கொயரியில் ஒருவரைக் குற்றமற்றவர் என்று ஆர்டர் போடுவது ஒன்று. அந்த ஆளே திருந்தி நல்லவராக மாறுவது இன்னொன்று. லூதர் வழி வந்தவர்கள் ஆர்டரை முக்கியமாகப் பிடித்துக்கொண்டார்கள். ரோமாபுரி ஆள் மாறுவதைப் பிடித்துக்கொண்டது. நானூற்றைம்பது வருடம் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த விஷயத்தில் அடிப்படையில் ஒன்றுபடுகிறோம் என்று கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இடையில் நடந்த யுத்தங்களுக்கு அரசியல் காரணங்களும் ஏராளம். எல்லாப் பழியையும் இலக்கணத்தின் தலையில் போட நான் தயாரில்லை.

தமிழ் பைபிளில் என்ன இருக்கிறது என்று அண்ணாச்சியின் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ரோமர் நிருப இடத்தில் 'தேவநீதி' என்று ஒரே சொல். உருபே தொகையில் மறைந்துவிட்டது! தேவனது நீதி என்று விரிக்கலாம். தேவனால் வரும் நீதி என்றும் விரிக்கலாம். லூதர் சாத்திய கதவைத் தமிழ் திறந்தே வைத்திருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு லூதரன் சபைக்காரர்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். எதிர்த்திசையில் போனவரும் ஒருவர் உண்டு. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். நம் 'அறம்' லத்தீனுக்குள் போக என்ன பாடு பட்டிருக்கும்! ஜி.யு.போப் 1886-ல் வெளியிட்ட தம் குறள் பதிப்பில் அதைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மதினியும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வழி இருக்கிறது என்றேன். 'டேயுஸ் யூஸ்டுஸ்' என்று வெட்டினால் கடவுள் நீதியுள்ளவர் என்று முடிந்துபோன தீர்ப்பு. 'யூஸ்டிட்டியா டேயி' என்று வெட்டினால் கடவுளின் நீதி. வாக்கியம் அல்ல, வெறும் தொடர். அதை எப்படி விரிப்பது என்பது படிக்கிறவர் பாடு. தற்கிழமை, பிறிதின்கிழமை, கை, கொடி எல்லாம் சொன்னேன். கொடி உதாரணம் வந்தபோது அண்ணாச்சி லேசாகச் சிரித்தார்.

"ரெண்டாவதே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "என் பொண்ணு வாங்கிக்கிட்ட நீதின்னு நான் வச்சுக்கிறேன். வார்டுல அவ செஞ்சதும் அந்தச் செதாகாதானே தம்பி."

நான் மதினியைப் பார்த்தேன். அவர்கள் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "கடவுள் எனக்குத் தர வேண்டிய நீதின்னும் அர்த்தம் வருமா?" என்று கேட்டார்கள்.

இலக்கணப்படி பார்த்தால், 'கடன்காரனின் பணம்' என்றால் அவன் கொடுக்க வேண்டிய பணமும்தானே. வரும் என்றேன்.

"அப்ப போடுங்க."

ஒரு விஷயம் மிச்சமிருந்தது. பழைய ரோமானியக் கல்வெட்டில் ஜே என்ற எழுத்தும் யு என்ற எழுத்தும் கிடையாது, ஐயும் வியும்தான். கல்லறைத் தோட்டத்திலுள்ள பழைய கற்களிலும் சிலவற்றில் அப்படித்தான் இருக்கிறது, அந்தப் பெண் விரலால் தடவிப் படித்த எழுத்து. ஆகவே ஐ, வி, எஸ், டி என்று தொடங்கிப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி மார்பிள் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். எண்ணிப் பார்த்தார், பதினொன்று. பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சாஹிப், ஸ்பெல்லிங் தப்பு. இங்கே யு வர வேண்டும்" என்று இந்தியில் சொல்லி, பென்சிலை எடுத்து அந்த வியின் அடியை வளைக்கப் போனார். நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டாவது எழுத்து வி ஆகவே இருக்கட்டும் என்று சொல்லி, அவர் வெட்டி முடிக்கும்வரை அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.